முள் இருந்தால் கூஸ்பெரி, இல்லாவிட்டால் கரன்ட்: இவ்வளவுதானா?

மலைநடை முரளி (பெல்வியூ, வாஷிங்டன்) · ஆகஸ்ட் 11, இரவு 9:40

வணக்கம். சனிக்கிழமை ஸ்னோகுவால்மி கணவாய்ப் பக்கம் மலையேறப் போயிருந்தோம். சுமார் 3,000 அடி உயரம். பாதை ஓடையைத் தாண்டுகிற இடத்தில் ஒரு பெரிய மரம் விழுந்து மக்கிக் கிடக்கிறது. அந்த மரத்தின் மேலேயே ஒரு புதர் வேர்விட்டு வளர்ந்திருக்கிறது. இடுப்பளவு உயரம். தண்டு முழுக்கச் சுணை மாதிரி மெல்லிய பழுப்பு முட்கள், கணுக்களில் மட்டும் கொஞ்சம் பெரிய முட்கள் கொத்தாக. இலை அசல் பாகற்காய் இலை. பழம் கறுப்பு, மணத்தக்காளி அளவு, மேலே பூனைமுடி போல ரோமம்.

என் மகள் "கூஸ்பெரி" என்கிறாள், இங்கே காடுகளில் விளையும் இரண்டு புதர்ப்பழங்களைப் பிரிக்கப் பள்ளி முகாமில் சொல்லித் தந்தார்களாம்: முள் இருந்தால் கூஸ்பெரி, இல்லாவிட்டால் கரன்ட். போனில் இருக்கும் செடி ஆப்பிடம் கேட்டேன். இலைப் படத்துக்குக் கரன்ட் என்றது, தண்டுப் படத்துக்குக் கூஸ்பெரி என்றது. ஒரே செடி!

படங்கள் 1 முதல் 4 வரை இணைத்திருக்கிறேன். இது எது? சாப்பிடலாமா? நான் வாயில் வைக்கவில்லை, ஆனால் கூட வந்த நண்பர் ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு "பரவாயில்லை, புளிப்பு" என்றார். இதுவரை நன்றாகத்தான் இருக்கிறார்.

சொடக்குத்தக்காளி (சென்னை) · ஆகஸ்ட் 12, காலை 10:15

தலைப்பைப் பார்த்ததும் "முள் இல்லாவிட்டால் கரன்ட்" என்று எலெக்ட்ரிக் வேலி பற்றி யாரோ கேட்கிறார்கள் என்று உள்ளே வந்தேன். எங்களுக்குத் தெரிந்தது இரண்டே கரன்ட். ஒன்று அடிக்கடி போகும், இன்னொன்று பிளாக் கரன்ட் ஐஸ்கிரீம்.

ஒரு சந்தேகம். கூஸ்பெரி என்றால் நெல்லிக்காய்தானே? அது மரம் ஆயிற்றே, முள் எங்கிருந்து வந்தது?

புதர்ப்பிரியன் (போய்ஸி, ஐடஹோ) · ஆகஸ்ட் 12

முரளி, உங்கள் மகள் சொன்னதுதான் சரி. முள் இருக்கிறது, ஆகவே கூஸ்பெரி. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. நான் நாலைந்து வருடமாக இங்கே மலைகளில் பார்த்துவருகிறேன். ஆப்பை நம்பாதீர்கள்.

செங்காந்தள் (கோர்வாலிஸ், ஆரெகன்) · ஆகஸ்ட் 12, மாலை

முரளி தம்பி, முதலில் சொடக்குத்தக்காளிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இழை நெல்லிக்காய்ப் பக்கம் ஓடிவிடும். நம் நெல்லிக்கும் இதற்கும் உறவே இல்லை. பெருநெல்லி, அரநெல்லி இரண்டும் கீழாநெல்லியின் சொந்தக்காரர்கள். ஐரோப்பாவின் கூஸ்பெரிப் பழம் பச்சையாக, ஒளி ஊடுருவுகிற தோலோடு, மேலிருந்து கீழாக வெளிர்கோடுகள் போட்டிருக்கும். இந்தியா வந்த வெள்ளைக்காரர் நெல்லியைப் பார்த்து "இந்தியக் கூஸ்பெரி" என்று பெயர் வைத்ததற்கு அந்தக் கோடுகளும் புளிப்பும்தான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். ஊட்டியில் விற்கிற, காகிதப் பைக்குள் மஞ்சள் பழம் மாதிரி இருக்கும் கேப் கூஸ்பெரி மூன்றாவது ஆள். அது சொடக்குத்தக்காளியின் குடும்பம், தக்காளி வகை. கரன்ட்டிலும் இதே குழப்பம் உண்டு. கேக்கில் போடுகிற குட்டி உலர்கரன்ட் திராட்சை. கிரேக்கத்தின் கொரிந்த் துறைமுகத்திலிருந்து வந்த திராட்சை, கொரிந்த் மருவிக் கரன்ட் ஆயிற்று. பிறகு பார்க்க அதே மாதிரி இருந்த வடக்கத்திப் புதர்ப் பழத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நம் களாக்காயைக்கூட ஆங்கிலத்தில் வங்காளக் கரன்ட் என்பார்கள். பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது புதருக்கு வருவோம். காட்டுக் கரன்ட், காட்டுக் கூஸ்பெரி இரண்டும் ரைபீஸ் என்கிற ஒரே பேரினம். உலகில் 150க்கும் மேற்பட்ட இனங்கள். நாம் இருக்கும் மேற்குக் கரையில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அக்கா தங்கை மாதிரி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே முகம். இலைகள் மாற்றி மாற்றி அமைந்திருக்கும், கையை விரித்த மாதிரி மூன்று அல்லது ஐந்து மடல், பழத்தின் நுனியில் காய்ந்த பூ வால் மாதிரி தொங்கும். அந்த வால் இரண்டுக்கும் பொது. வால் இல்லையென்றால் அது ரைபீஸாக இருக்காது என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம்.

முள் விதி மோசமில்லை, பெரும்பாலும் பலிக்கும். ஆனால் உங்கள் படத்தில் இருப்பது அந்த விதியை உடைக்கிற செடி என்று சந்தேகப்படுகிறேன். ஆகவே முள்ளை மறந்துவிட்டு மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, பழம் எப்படித் தொங்குகிறது? கரன்ட் என்றால் ஒரே நரம்பில் ஏழெட்டு, பத்து, சிலவற்றில் இருபதுக்கும் மேல், சரம் கோத்த மாதிரி இருக்கும். கூஸ்பெரி என்றால் கணுவில் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் நாலு, தனித்தனியாகத் தொங்கும். உங்கள் மூன்றாம் படத்தில் இலைக்குப் பின்னால் ஏதோ சரம் போலத் தெரிகிறது, தெளிவாக இல்லை.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த சோதனை. பழத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். கரன்ட்டின் காம்பில், பழம் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, நூல் முடிச்சு போட்டது மாதிரி மெல்லிய கணு ஒன்று இருக்கும். லென்ஸ் வைத்தால் தெளிவாகத் தெரியும். பழம் அங்கே கழன்று கையில் வரும், காம்பு சரத்திலேயே நின்றுவிடும். கூஸ்பெரிக்கு அந்தக் கணு கிடையாது. இழுத்தால் காம்போடு பிய்ந்து வரும், அல்லது பழம் கிழியும். காய்ந்த பூ ஒரு முனை, காம்பு மறு முனை என்று இரண்டு வாலோடு கையில் இருக்கும்.

மூன்று, பூ. உங்களுக்கு இப்போது கிடைக்காது, அடுத்த மே, ஜூனில் போனால் பாருங்கள். நான் நினைக்கிற செடி என்றால் பூ சின்னத் தட்டு மாதிரி விரிந்து, செம்பழுப்பில், சரமாகத் தொங்கும். இந்தப் பக்கத்துக் கூஸ்பெரிப் பூ வேறு. வெளி இதழ் (புல்லிதழ்) பின்னால் மடங்கி, மகரந்தக் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரைபீஸ் லாபியை என்ற பிசின் கூஸ்பெரியைப் பார்த்தால் வீட்டு வாசலில் தொங்கவிடுகிற ஃபியூஷியாப் பூவா என்று நினைப்பீர்கள். அத்தனை சிவப்பு.

என் ஊகம்: ரைபீஸ் லகஸ்ட்ரே, முள் கரன்ட். ஈரமான இடம், மக்கிய மரம், பாகல் இலை, சுணைத் தண்டு எல்லாம் பொருந்துகிறது. சோதித்துவிட்டு வந்து சொல்லுங்கள். கையுறை போட்டுக்கொண்டு போங்கள், அந்தச் சுணை குத்தினால் சிலருக்குத் தோல் தடிக்கும்.

புதர்ப்பிரியன் · ஆகஸ்ட் 13

அக்கா, மன்னிக்கவும். முள் இருக்கிற கரன்ட் என்றால் பிறகு அந்த விதி எதற்கு? நாளைக்கு முள் இல்லாத கூஸ்பெரியும் உண்டு என்பீர்கள்.

செங்காந்தள் · ஆகஸ்ட் 13

உண்டு, தம்பி. :) ரைபீஸ் இனெர்மே. இனெர்மே என்றாலே ஆயுதமில்லாதது என்றுதான் பொருள். உங்கள் ஐடஹோவிலேயே ஓடைக்கரைகளில் இருக்கிறது. சில கிளைகளில் ஒன்றிரண்டு முள் இருக்கும், சில கிளைகள் வழுவழு. பழம் மட்டும் ஒன்றிரண்டாகத்தான் தொங்கும், காம்போடுதான் வரும்.

உயரமான மலைகளில் ரைபீஸ் மான்டிஜீனம் என்று ஒன்று. முள், சிவப்புப் பழம், மேலே பிசின் ரோமம். அதை ஒரு கையேடு மலைக் கூஸ்பெரி என்கிறது, இன்னொன்று கூஸ்பெரி கரன்ட் என்கிறது. பெயர் வைத்தவர்களே மதில்மேல் பூனை. சரம் அமைப்பும் கணுவும் அதைக் கரன்ட் பக்கம் தள்ளுகின்றன.

அப்புறம் தோட்டத்தில் இன்னொரு வம்பு: ஜோஸ்டாபெரி. பிளாக் கரன்ட்டையும் கூஸ்பெரியையும் கலந்து ஜெர்மனியில் உருவாக்கி 1977ல் வெளியிட்டார்கள். முள் இல்லை, பழம் இரண்டுக்கும் நடுவில். எங்கள் ஊரில் அமெரிக்க வேளாண் துறையின் மரபுவளக் காப்பகம் இருக்கிறது, ரைபீஸ் வகைகளை உயிரோடு வளர்த்துவைத்திருக்கிறார்கள். அங்கே வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்த அன்றுதான் முள்ளை வைத்துப் பேசுவதை நான் நிறுத்தினேன்.

பனிக்கோட்டை (ஓய்வு, கோவை) · ஆகஸ்ட் 13

பணியில் இருந்தபோது இமயமலைப் பக்கம் இதன் உறவு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கணுவுக்கு மூன்று மூன்று முள், ஒவ்வொன்றும் தைக்கிற ஊசி நீளம். சீருடைக் கையைக் கிழித்திருக்கிறது. அப்போது பெயர் தெரியாது, பிறகு தேடியதில் ரைபீஸ் அல்பெஸ்ட்ரே என்று தெரிந்தது. இமயமலைக் கூஸ்பெரி என்கிறார்கள். செங்காந்தள் அம்மா சொல்லும் கணக்குப்படி அது கூஸ்பெரிதான். பழம் ஒற்றையாகத்தான் தொங்கியதாக ஞாபகம்.

யாழ்ச் சமையல் (டொரொன்டோ) · ஆகஸ்ட் 14

அந்த இரண்டு வால் கதையை நான் சமையலறையில் இருந்து உறுதிப்படுத்துகிறேன். லண்டனில் இருந்த காலத்தில் வீட்டுக்கார அம்மா ஒரு கிழவி, ஜூன் மாதம் தோட்டத்துக் கூஸ்பெரியைப் பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுவந்து என்னிடம் ஒரு கத்தரிக்கோலைத் தருவா. ஒவ்வொரு காயாக எடுத்து மேல் வாலையும் கீழ் வாலையும் வெட்ட வேண்டும். ஒரு மணித்தியாலம் போகும், கை எல்லாம் கறை. ரெட் கரன்ட் என்றால் அந்தத் தொல்லை இல்லை. சரத்தோடு பறித்து, முள்ளுக்கரண்டியின் பற்களுக்கு நடுவில் விட்டு ஒரே இழுவை, பழம் எல்லாம் பொலபொலவென்று உதிரும். ஏன் ஒன்று உதிருது, மற்றது உதிராது என்று இவ்வளவு காலமும் யோசித்ததே இல்லை. காம்பில் கணுவாம்!

எங்கட ஆக்களுக்கு ரைபினா தெரியும்தானே? அதுகூட ரைபீஸ் என்ற பெயரில் இருந்து வந்ததுதான். பிளாக் கரன்ட் சாறு. உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனுக்குத் தோடம்பழம் வருவது தடைப்பட்டபோது, வைட்டமின் சிக்காகப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தார்கள்.

புளிப்பான பச்சைக் கூஸ்பெரியில் ஊறுகாய் போடலாம். நெல்லிக்காயின் துவர்ப்பு வராது, அதை எதிர்பார்க்காதீர்கள். மாங்காய் ஊறுகாய் போல நினைத்துச் செய்தால் ஏமாற்றம் இல்லை.

வடகிழக்கு வாசு (நியூ ஹாம்ப்ஷர்) · ஆகஸ்ட் 14, இரவு

ஊறுகாய் போடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் மாநிலத்தில் ரைபீஸ் செடியை வாங்கி நடுவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும். இது தெரியாமல் இரண்டு வருடம் முன்பு ஆன்லைனில் ஒரு நர்சரியில் நாலு செடிக்குப் பணம் கட்டினேன். மூன்று வாரம் கழித்து "உங்கள் மாநிலத்துக்கு அனுப்ப முடியாது" என்று ஒரு வரி மின்னஞ்சல். பணம் திரும்ப வர இன்னும் இரண்டு மாதம். முகவரியைக் கேட்கும்போதே சொல்லியிருக்கலாம்.

காரணம் என்ன என்று அப்போதுதான் தேடினேன். வெள்ளைப் பைன் கொப்புளத் துரு என்று ஒரு பூஞ்சை நோய். அதற்கு உயிர்வாழ இரண்டு வீடு வேண்டும். ஒரு வீடு, கொத்துக்கு ஐந்து ஊசி இருக்கும் பைன் மரம். இன்னொரு வீடு, நம் கரன்ட், கூஸ்பெரி. பைனிலிருந்து பைனுக்கு நேராகத் தொற்றாது. பைன் பட்டையில் கொப்புளம் வெடித்துப் பறக்கும் தூள் வெகுதூரம் போய் ரைபீஸ் இலையில் இறங்கும். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி தூவின மாதிரி வளரும். இலையுதிர் காலம் நெருங்கும்போது அங்கிருந்து வேறு வகை வித்து கிளம்பிப் பக்கத்துப் பைனுக்குத் திரும்பும். இலை உதிர்வதால் புதருக்குப் பெரிய நஷ்டமில்லை, பைன்தான் கிளை கிளையாகக் காய்ந்து சாகும்.

இது இந்தக் கண்டத்து நோயே இல்லை. மேற்குக் கரைக்கு வந்தது 1910ல், பிரான்சில் வளர்த்த பைன் நாற்றுகளோடு வான்கூவர் வழியாக. அதாவது இங்கே விளைந்த பைனின் விதையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், அங்கே மலிவாக நாற்று வளர்த்து, நோயோடு திருப்பி இறக்குமதி செய்தார்கள். பிறகு பழி விழுந்தது யார் மேல்? புதர் மேல். கரன்ட், கூஸ்பெரி வளர்க்கத் தடை. 1930களில் வேலையில்லாத இளைஞர்களை அரசாங்கம் முகாம் போட்டு வேலைக்கு எடுத்ததே, அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் காடு காடாகப் போய் ரைபீஸைப் பிடுங்கினார்கள். வேர்த்துண்டு மண்ணில் நின்றால் போதும், அது மறுபடி முளைக்கும். விதையும் மண்ணில் வருடக்கணக்கில் உறங்கும். கடைசியில் 1966ல் மத்திய அரசு தடையை எடுத்துவிட்டு மாநிலங்களிடம் விட்டது. நியூயார்க் 2003ல் தளர்த்தியது. பக்கத்து மெய்ன் மாநிலத்தில் பிளாக் கரன்ட் இன்றைக்கும் கூடாது.

முரளி, உங்கள் பக்கத்து மலை உச்சிகளில் வெண்பட்டைப் பைன் என்று ஒன்று இருக்கும், ஐந்தூசிதான். துருவாலும் பட்டை வண்டாலும் இன்னும் சில காரணங்களாலும் நலிந்துபோய், 2022ல் அழியும் அபாயமுள்ள இனங்களின் சட்டத்தில் சேர்த்தார்கள். அடுத்த தடவை அந்தப் புதரின் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

புதர்ப்பிரியன் · ஆகஸ்ட் 15

அந்தக் காலத்தில் பிடுங்கியவர்கள் கரன்ட்டா கூஸ்பெரியா என்று பார்த்திருக்க மாட்டார்கள். நாம்தான் நாலு நாளாக உட்கார்ந்து பார்க்கிறோம்.

மலைநடை முரளி · ஆகஸ்ட் 18, இரவு 10:05

போய்விட்டு வந்தேன்! மகளும் வந்தாள், சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் கையுறையோடு. வழியில் வந்தவர்கள் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இலையை விலக்கியதும் சரம். படம் 5 பாருங்கள். ஒரே நரம்பில் ஒன்பது பழம், மூன்று ஏற்கெனவே உதிர்ந்த காம்பு. அந்த வெற்றுக் காம்புகளைப் பார்த்தபோதே பாதி புரிந்துவிட்டது. ஒரு பழத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். இழுத்தேன் என்பதுகூட அதிகம், தொட்டதும் கழன்றது. காம்பு சரத்திலேயே நிற்கிறது, அதன் நுனி வெட்டின மாதிரி தட்டையாக இருக்கிறது. மகளின் லென்ஸில் இன்னொரு பழத்தைப் பார்த்தோம், பழத்துக்குக் கீழே சின்ன வளையம். அக்கா சொன்ன முடிச்சு. அந்த ரோமங்களின் நுனியில் ஒவ்வொன்றிலும் குண்டூசித் தலை மாதிரி ஒரு சிவப்புப் பொட்டு, படத்தில் சரியாக வரவில்லை. இலையைக் கசக்கினால் நாற்றம்.

திரும்பும் வழியில் ஏரிக்கரைப் பக்கம், தாழ்வான இடத்தில், வேறொரு முள் செடி (படம் 6). இதில் தண்டு கிட்டத்தட்ட வழுவழு, கணுவில் மட்டும் தடித்த முள் ஒன்று அல்லது மூன்று. பழம் இரண்டு இரண்டாக, கறுப்பு, ரோமமே இல்லை. இழுத்தால் காம்போடு வருகிறது. மூன்று தடவை இழுத்துப் பார்த்தோம், மூன்று தடவையும் காம்பு கூடவே வந்தது. பழம் நன்றாகப் பழுத்திருந்தது, வால் தொங்கியது, ஒன்று தின்றேன். நல்ல ருசி, திராட்சைத் தோலின் புளிப்பு.

வாசு அண்ணா, இலையைத் திருப்பிப் பார்த்தேன். முதல் செடியில் ஒரு நாலு இலையின் அடியில் ஆரஞ்சுப் புள்ளி. பொடிதான். விரலில் ஒட்டியது. மகள் அதற்குப் பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை, சுற்றியிருந்த பைன்களின் ஊசியை எண்ணிக்கொண்டே வந்தாள்.

படம் 7 அதே ஏரிக்கரை. இரண்டு கறுப்புப் பழம் ஜோடியாக, மினுமினுவென்று. முள் இல்லாத கூஸ்பெரி இதுதானா அக்கா? இதையும் நண்பர் தின்னப் போனார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

செங்காந்தள் · ஆகஸ்ட் 19, காலை

பிடித்தது நல்லதாயிற்று. 7 ரைபீஸே இல்லை. இலையைப் பாருங்கள், எதிரெதிராக ஜோடியாக இருக்கிறது, மடலும் இல்லை. பழத்துக்குக் கீழே கருஞ்சிவப்பில் பாவாடை மாதிரி விரிந்திருக்கிறதே, அதுதான் அடையாளம். ட்வின்பெரி, ஹனிசக்கிள் குடும்பம். கசக்கும், தின்னும் பழம் இல்லை. உங்கள் நண்பரை எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்தக் காட்டிலேயே பேன்பெரி என்று பளபளவென்று சிவப்புப் பழம் நிமிர்ந்த கொத்தாக நிற்கும், அது இதயத்தைப் பாதிக்கிற விஷம். புதர் கிடையாது, மென்தண்டுச் செடி, பழத்தில் வால் இருக்காது. அவரிடம் "வால் இல்லாததை வாயில் வைக்காதே" என்று சொல்லிவையுங்கள். வால் இருந்தாலும் உடனே வைக்க வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

5 ரைபீஸ் லகஸ்ட்ரே, சந்தேகமே இல்லை. பெயருக்கு ஏரி சார்ந்தது என்று பொருள், ஆனால் உங்களுக்கு மக்கின மரத்தின் மேல் கிடைத்தது. 6 ரைபீஸ் டிவாரிகாட்டம், கடலோரக் கறுப்புக் கூஸ்பெரி. நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், நான் பெயர் மட்டும்தான் சொல்கிறேன். மகளுக்கு ஒரு சபாஷ்.

புதர்ப்பிரியன் · ஆகஸ்ட் 19, இரவு

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு செடி இருக்கிறது. வாங்கும்போது அட்டையில் கூஸ்பெரி என்று எழுதியிருந்தது. முள் இல்லை. சின்னச் செடி, வளர்ந்தால் வரும் என்று நினைத்தேன். மூன்று வருடம் ஆயிற்று, ஆறடி வளர்ந்துவிட்டது. முள் வரவேயில்லை. இன்றைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மீதமிருந்த ஒரே சரத்தில் ஐந்து பழம், ஒன்று கறுப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. இழுத்தேன். காம்பு அங்கேயே நிற்கிறது.

செங்காந்தள் · ஆகஸ்ட் 19, இரவு

வசந்தத்தில் மஞ்சள் பூ பூக்குமா? கிராம்பு வாசனை வருமா?

புதர்ப்பிரியன் · ஆகஸ்ட் 19, இரவு

பூக்கும். வாசனை வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டில் பிரியாணி என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செங்காந்தள் · ஆகஸ்ட் 19, இரவு

ரைபீஸ் ஆரியம், பொன் கரன்ட். பழத்தை ஜாம் போடுங்கள் தம்பி, நன்றாக வரும். அட்டையைப் பிடுங்கிவிடுங்கள்.